சாம்பியன் ஹர்டில்: எந்தக் குதிரை, என்ன விலை? ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் செல்டனம் மைதானத்தில் சாம்பியன் ஹர்டில் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயம். ஓடியவை ஏழே குதிரைகள். அதுவரை தோல்வியே காணாத கான்ஸ்டிடியூஷன் ஹில் 1/2 விலையில் (2 பவுண்டு போட்டால் லாபம் 1 பவுண்டு) ஃபேவரிட், அதாவது அதிகம் நம்பப்பட்ட குதிரை. ஐந்தாவது தடையில் விழுந்தது. சரி, இனி ஸ்டேட் மேன்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிய நேரத்தில், முன்னால் தனியாக வந்துகொண்டிருந்த அதுவும் கடைசித் தடையில் சரிந்தது. 25/1 விலையில் இருந்த கோல்டன் ஏஸ் என்ற பெட்டைக் குதிரை ஜெயித்தது.

அன்று மாலை பாதிப் பேர் "சுத்த அதிர்ஷ்டம்" என்றார்கள். மீதிப் பேர் "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். பந்தயம் கட்டுகிறவருக்கு இரண்டு பேச்சாலும் பயனில்லை. 25/1 என்றால் 26 முறை ஓடினால் ஒரு முறை ஜெயிக்கும் என்று புக்கி, அதாவது விலை போட்டுப் பந்தயப் பணம் வாங்குபவர், சொல்கிறார். அது சரியான விலையா, கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டாரா? ஓட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைப் பதிலாக எழுத முடிந்தால், அதற்குப் பெயர்தான் கணிப்பு. எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

பந்தயம் கட்டுவதற்கு முன்னால் சட்டத்தையும் பார்த்துவிடலாம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு புக்கிகளின் தளங்களில் விளையாட முடியாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ என்று பார்க்காமல், 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே கட்டுவது பற்றிய பகுதி பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இருக்கும், 18 வயது தாண்டிய வாசகர்களுக்கு. மற்றவர்கள் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவாரஸ்யம் ஒன்றும் குறையாது.

முதல் படி: ஓட்டத்தின் குணம்

கிண்டியில் ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரிந்தது பிளாட், அதாவது தடையில்லாத ஓட்டம். ஹர்டில் வேறு ஜாதி. சாம்பியன் ஹர்டில் இரண்டு மைலும் 87 கெஜமும், கிட்டத்தட்ட 3.3 கிலோமீட்டர். எட்டுத் தடைகள். நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகள் ஓடலாம். இது ஹேண்டிகேப் இல்லை. நல்ல குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றிச் சமப்படுத்தும் வேலை இங்கே கிடையாது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவை எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்டு எடை (சுமார் 74 கிலோ) சுமக்கும். பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை.

இந்த 7 பவுண்டை லேசாக நினைக்காதீர்கள். தடை ஓட்டங்களில் ஒரு பவுண்டு எடை ஏறத்தாழ ஒரு குதிரை நீளம் என்பது பழைய கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் பெட்டைக்கு ஏழு நீளம் இனாம். 2016-ல் அன்னி பவர், 2020-ல் எபதான்ட், 2021-லும் 2022-லும் ஹனிசக்கிள், 2025-ல் கோல்டன் ஏஸ் என்று பத்து வருடத்துக்குள் பெட்டைகள் ஐந்து முறை வென்றிருக்கின்றன. அதற்கு முன்னால், 1927-ல் ஓட்டம் தொடங்கியதிலிருந்து 2015 வரை, வென்ற பெட்டைகள் மூன்றே மூன்று.

மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்டனம் இடது பக்கம் திரும்பும் களம், ஏற்ற இறக்கம் நிறைந்தது. மேட்டிலிருந்து வேகமாக இறங்கி, திரும்பி, கடைசித் தடையைத் தாண்டி, மறுபடி மேடேறி முடிக்க வேண்டும். இறக்கத்தில் நிதானம் தவறும் குதிரையும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் குதிரையும் இங்கே மாட்டிக்கொள்ளும். டிவியில் பார்க்கும்போது அந்தக் கடைசி மேடு பெரிதாகத் தெரியாது. குதிரைக்குத் தெரியும்.

இரண்டாவது படி: ட்ரையல் ஓட்டங்களைப் படிப்பது

மார்ச் வருவதற்குள் போட்டிக் குதிரைகள் பல இடங்களில் ஓடியிருக்கும். நவம்பர் கடைசியில் நியூகாசிலில் ஃபைட்டிங் ஃபிஃப்த், கிறிஸ்துமஸ் மறுநாள் கெம்ப்டனில் கிறிஸ்துமஸ் ஹர்டில், பிப்ரவரியில் வின்கான்டனில் கிங்வெல். அயர்லாந்தில் பஞ்செஸ்டவுனில் மார்ஜியானா, பிப்ரவரி தொடக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுனில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டில். இவற்றோடு முந்தைய ஆண்டின் செல்டனம் திருவிழாவில் தடை ஓட்டத்துக்குப் புதியவை ஓடும் சுப்ரீம் நாவிசஸ் ஹர்டில். கான்ஸ்டிடியூஷன் ஹில் 2022-ல் அதை 22 நீளத்தில் வென்றது. மறு வருடம் சாம்பியன் ஹர்டிலையே எடுத்துக்கொண்டது.

எந்த இடத்தில் ஜெயித்தது என்பதுதான் இதில் முக்கியம். கெம்ப்டன் தட்டையான, வலது பக்கம் திரும்பும் களம். அங்கே சுருக்கென்று வேகமெடுக்கும் குதிரை செல்டனம் மேட்டில் அதே வேலையைக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதற்கு ஹரிக்கேன் ஃப்ளையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. லெப்பர்ட்ஸ்டவுனில் அது ராஜா: ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலை 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அதே ஐந்து வருடங்களில் செல்டனத்தில் இரண்டு முறைதான். 2012-ல் 4/6 ஃபேவரிட்டாக வந்து மூன்றாவதாக முடித்தது. வென்றது ராக் ஆன் ரூபி. பிப்ரவரி முடிவைப் பார்த்து மார்ச்சில் 4/6 விலைக்கு வாங்கியவர்கள் நல்ல குதிரையைத்தான் வாங்கினார்கள். விலைதான் தப்பு.

ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி நான்கைந்து ஓட்டங்களை எடுத்து எழுதுங்கள்: எங்கே, என்ன தரை, யாரை எத்தனை நீளத்தில் வென்றது, எத்தனை குதிரைகள் ஓடின. நான்கு குதிரைகள் மட்டும் ஓடிய சோம்பலான ஓட்டத்தில் கடைசித் தடைக்கு அப்புறம்தான் போட்டியே தொடங்கும். அந்த வெற்றிக்குப் பாதி மதிப்புதான் கொடுப்பேன்.

நேருக்கு நேர் மோதியிருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். 2025 ஓட்டத்தில் பெரிதாக நம்பப்பட்ட இன்னொரு பெட்டை பிரைட்டர்டேஸ் அஹெட். அதை அதற்கு முந்தைய மார்ச்சில், இதே செல்டனத்தில், பெட்டைகளுக்கான நாவிசஸ் ஹர்டிலில் கோல்டன் ஏஸ் வென்றிருந்தது. இடைப்பட்ட ஒரு வருடத்தில் தோற்ற குதிரை வேகமாக வளர்ந்துவிட்டது, உண்மை. ஆனாலும் செல்டனம் மேட்டில் ஒரு முறை தன்னிடம் தோற்ற குதிரையை விட இத்தனை பின்னால் ஒரு குதிரைக்கு விலை போட்டிருந்தால், ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது படி: தடை தாண்டும் விதம்

குதிரையின் திறமைக்குப் போடும் ரேட்டிங் எண்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வீடியோவைப் போட்டு, குதிரையின் முன்கால்களை மட்டும் பாருங்கள். தடைக்கு எவ்வளவு முன்னால் எழும்புகிறது? நீட்டித் தாண்டுகிறதா, கிட்டே வந்து குட்டையாக எகிறுகிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா? வலது பக்கம் சாயும் பழக்கமுள்ள குதிரை கெம்ப்டனில் தப்பித்துவிடும். செல்டனத்தில் ஒவ்வொரு தடையிலும் அரை நீளம் தானம் செய்யும். மிக வேகமாக, தாழ்வாகத் தாண்டும் குதிரை பார்க்க அழகு. தடைக்கு ஒரு நீளம் மிச்சமாகும். ஆனால் தப்புக்கு இடம் இல்லாத தாண்டல் அது.

ஹர்டிலில் விழுவது பெரிய வேலித் தடைகளில் விழுவதை விடக் குறைவுதான். குறைவு என்பதாலேயே சந்தை அதை மறந்துவிடுகிறது. 2019-ல் இரண்டு முறை சாம்பியனான புவேர் டேர் மூன்றாவது தடையில் விழுந்தது. விழும்போது ஷார்ஜாவையும் சாய்த்தது. வென்றது 16/1 விலையில் இருந்த எஸ்புவார் டேலன், அதுவும் 15 நீளத்தில். அப்புறம் 2025. இரண்டு வருடத்தை வைத்து விதி எழுதக் கூடாது. ஆனால் 1/2 விலையில் ஒரு குதிரையை வாங்கினால், அது எட்டுத் தடையையும் சுத்தமாகத் தாண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நான்காவது படி: தரை, வேகம், உடல்நிலை

தரை பற்றி நீட்டவில்லை. குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி என்று ஈரம் கூடிக்கொண்டே போகும். குதிரை ஜெயித்த தரைகளைக் குறித்துவையுங்கள்; ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள் வானிலையைப் பாருங்கள். நல்ல தரையில் வேகக் குதிரைக்கும், ஈரத்தில் தம் உள்ள குதிரைக்கும் ஒரு படி கூடுதல் போடலாம்.

முன்னால் ஓடி வேகத்தை நிர்ணயிக்கப் போவது யார் என்பதற்கு இதைவிடக் கவனம் தேவை. ஏழெட்டுக் குதிரை ஓட்டத்தில் முன்னோடி ஒன்றே ஒன்று இருந்தால், அதை யாரும் துரத்தாவிட்டால், கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடும். ஒரே லாயத்திலிருந்து இரண்டு குதிரைகள் வந்தால், அதில் ஒன்று மற்றதற்காக வேகம் போட வந்திருக்கலாம். அந்தக் குதிரையின் சொந்த வாய்ப்பைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு, அதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

உடல்நிலையைப் பொறுத்தவரை லாயத்துச் செய்திதான் ஒரே வழி. 2024 பிப்ரவரியில் கெம்ப்டனில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் கான்ஸ்டிடியூஷன் ஹில் சுணங்கியது. சோதனையில் கோளாறு தெரிந்தது, கடைசியில் ஓடவே இல்லை. ஸ்டேட் மேன் 2/5 விலையில் வென்றது. நேர்மாறான கதையும் உண்டு. 2010-ல் பினோகுலர் வராது என்ற செய்தி பரவி விலை எகிறியது. குணமாகி வந்து 9/1 விலையில் ஜெயித்தது.

வயது, பழைய புள்ளிவிவரம் போன்ற "டிரெண்டு"களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஐந்து வயதுக் குதிரை ஜெயிக்காது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். 1985-ல் சீ யூ தென் வென்ற பிறகு 23 வருடம் அது பலித்தது. 2008-ல் கேட்சிட் வந்து உடைத்தது, 2019-ல் எஸ்புவார் டேலன் மறுபடி உடைத்தது. இருபது சொச்சம் ஓட்டங்களில் தெரியும் டிரெண்டு, பாதி நேரம் வெறும் தற்செயல்.

ஐந்தாவது படி: விலையைப் பார்க்காமல் உங்கள் விலையை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். புக்கியின் விலையைப் பார்த்துவிட்டு வாய்ப்பைக் கணித்தால், மனசு தானாக அந்த விலையை ஒட்டியே எழுதும். நான் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுவேன். மொத்தம் சரியாக 100 வர வேண்டும். 110 வந்தால் உங்களுக்கு எல்லாக் குதிரையும் பிடித்துப்போயிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி உட்காருங்கள்.

ஒரு கற்பனை ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு குதிரைகள். புக்கியின் விலையைச் சதவீதமாக்க, வலப்பக்க எண்ணை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். 7/2 என்றால் 2-ஐ 9-ஆல் வகுக்க, 22.2.

முதல் குதிரை: விலை 4/6, அதாவது 60%. என் கணிப்பு 54.
இரண்டாவது: 7/2, 22.2%. என் கணிப்பு 18.
மூன்றாவது: 6/1, 14.3%. என் கணிப்பு 11.
நான்காவது: 12/1, 7.7%. என் கணிப்பு 9.
ஐந்தாவது: 20/1, 4.8%. என் கணிப்பு 4.
ஆறாவது: 33/1, 2.9%. என் கணிப்பு 3.
ஏழாவது: 66/1, 1.5%. என் கணிப்பு 1.

என் பக்கம் கூட்டினால் 100. புக்கி பக்கம் 113.4. அந்த 13.4 தான் அவர் கடையை நடத்தும் காசு. எல்லாக் குதிரைகளின் விலையையும் அவர் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கியிருக்கிறார். அதனால்தான் பெரும்பாலான குதிரைகள் எந்த நாளிலும் வாங்கத் தகுந்தவை அல்ல.

இப்போது ஒவ்வொன்றுக்கும், என் கணிப்பை, ஜெயித்தால் ஒரு பவுண்டுக்குக் கைக்கு வரும் தொகையால் பெருக்குங்கள். முதல் குதிரை 0.54 பெருக்கல் 1.67, வருவது 0.90. ஒரு பவுண்டு போட்டால் நெடுநாள் சராசரியில் 90 பென்ஸ் திரும்பும். ஜெயிக்க அதிக வாய்ப்புள்ள குதிரை அதுதான், ஆனாலும் வாங்க மாட்டேன். நான்காவது குதிரை 0.09 பெருக்கல் 13, வருவது 1.17. இது வாங்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு முறை தோற்கும் என்று நானே எழுதியிருக்கும் குதிரையை வாங்கச் சொல்கிறேன். மனசுக்கு இது ஒப்புக்கொள்ளப் பல மாதம் ஆகும்.

ஆறாவது குதிரையைப் பாருங்கள்: 0.03 பெருக்கல் 34, 1.02. இதுவும் லாபம்தானே? இல்லை. என் 3 உண்மையில் 2.5 ஆக இருந்தால் கணக்கு 0.85-க்கு விழுந்துவிடும். மூன்றுக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் தெரியும் அளவுக்குக் கூர்மையான கண் எனக்கு இல்லை. உங்களுக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன். பெரிய விலைக் குதிரைகளில் சின்னத் தப்பும் பெரிய நஷ்டம். 1.10-க்குக் கீழே எது வந்தாலும் நான் விட்டுவிடுவேன். 1.50 வந்தால் சந்தோஷப்படாமல், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று திரும்பத் தேடுவேன்.

ஆறாவது படி: எப்போது, எந்த வகையில் கட்டுவது

மாதக்கணக்கு முன்னால் கட்டினால் விலை பெரிது. ஆனால் குதிரை ஓடாவிட்டால் பணம் போச்சு. நான் ஒரு முறை கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்டி, பிப்ரவரியில் அந்தக் குதிரையின் பெயர் பட்டியலிலிருந்தே காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். விளையாடாமலேயே தோற்கும் எரிச்சல் தனி ரகம். பெட்டைகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் அதே திருவிழாவில் பெட்டைகளுக்கென்றே மேர்ஸ் ஹர்டில் இருக்கிறது. 2025-ல் லோஸிமவுத் அங்கே போய் ஜெயித்தது. சாம்பியன் ஹர்டிலில் அதை நம்பி முன்கூட்டியே கட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள். திருவிழா நெருங்கும்போது புக்கிகள் "ஓடாவிட்டால் பணம் வாபஸ்" சலுகை தருவார்கள். விலை கொஞ்சம் குறையும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்ல நேரம்.

ஈச் வே, அதாவது பாதிப் பணம் ஜெயிப்பதற்கும் (வின்) பாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கும் (பிளேஸ்) கட்டுபவர்களுக்கு, ஓடும் குதிரைகளின் எண்ணிக்கைதான் எல்லாம். எட்டோ அதற்கு மேலோ ஓடினால் வழக்கமாக முதல் மூன்று இடங்களுக்கு, விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டு இடத்துக்கு மட்டும், நான்கில் ஒரு பங்கு. நம் 12/1 குதிரை மேல் 10 பவுண்டு ஈச் வே என்றால் மொத்தம் 20 பவுண்டு. இரண்டாவதாக வந்தால் பிளேஸ் பகுதி 3/1 விலையில் 40 பவுண்டு திரும்பத் தரும். வின் பகுதி போய்விடும். அந்தப் பிளேஸ் பகுதி தனியாக லாபம் தர வேண்டுமானால், குதிரை முதல் இரண்டு இடத்துக்குள் வரும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஜெயிக்க 9 சதவீத வாய்ப்புள்ள குதிரைக்கு அது கொஞ்சம் பேராசை. முன்னால் உள்ளவை விழுந்தால்தான் நடக்கும்.

எவ்வளவு கட்டுவது? இதற்கென்று ஒதுக்கிய பணம் 1,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். போனாலும் வாடகை பாதிக்காத பணமாக இருக்கட்டும். எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் கெல்லி முறைப்படி, லாப விளிம்பை (1.17-ல் ஒன்று போக மிச்சம்) விலையால் வகுக்க வேண்டும்: 0.17-ஐ 12-ஆல் வகுத்தால் 1.4 சதவீதம், 14 பவுண்டு. நம் கணிப்பு தப்பாக இருக்கலாம் என்பதால் அதில் கால் பங்கு போதும். மூன்றரை பவுண்டு. "இவ்வளவு படித்து மூன்றரை பவுண்டா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அவ்வளவுதான்.

ஏழாவது படி: நோட்டில் எழுதுவது

தேதி, குதிரை, உங்கள் சதவீதம், வாங்கிய விலை, ஓட்டம் தொடங்கும்போது இருந்த விலை. கடைசி விவரம்தான் முக்கியம். 12/1-க்கு வாங்கியது தொடங்கும்போது 8/1 ஆகியிருந்தால், தோற்றாலும் நீங்கள் சரியான பக்கத்தில் இருந்தீர்கள். 12/1-க்கு வாங்கியது ஒவ்வொரு முறையும் 20/1-க்கு நழுவினால், நடுவில் இரண்டு முறை ஜெயித்திருந்தாலும் உங்கள் கணிப்பில் ஓட்டை இருக்கிறது. ஐம்பது வரிகள் சேரும் முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரே ஒரு வேலை பாக்கி. விலகிய குதிரைகளின் பட்டியலைப் பாருங்கள். எட்டு ஏழாகியிருந்தால் மூன்றாவது இடத்துக்கு இனி காசில்லை. ஈச் வே கட்டும் எண்ணம் இருந்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஓடும் குதிரைகளின் இறுதிப் பட்டியல் வந்த பிறகு, குதிரை விலகும் முன் கட்டியிருந்தால், விலகிய குதிரையின் விலைக்கு ஏற்ப ரூல் 4 என்ற பிடித்தமும் வரும். அது 3/1 குதிரையாக இருந்தால் ஜெயித்த ஒவ்வொரு பவுண்டிலும் 25 பென்ஸ் போகும். பிறகு நோட்டுத் தாளை எடுத்து, மிச்சமிருக்கும் குதிரைகளுக்குப் புதிதாக நூறைப் பங்கு போடுங்கள்.